பக்கம் திருப்பும் நேரம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மறுபடி டீச்சர்'. வகுப்பில் அவர் அதிகம் சொல்லும் வார்த்தை அதுதான். நன்றாக வாசித்தாலும் 'மறுபடி', சொதப்பினாலும் 'மறுபடி'. இரண்டுக்கும் குரலில் நூலளவு வித்தியாசம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பியானோ வரும் என்று நம்பினார். தன் பட்டப்பெயர் தனக்குத் தெரியாததுபோல இருபத்திரண்டு வருடமாக நடித்துக்கொண்டிருந்தார்.

அவர் பியானோ டீச்சராக வந்ததே ஒரு தற்செயல். படித்தது கணக்கு. வேலை கேட்டுப் போன இடத்தில் கணக்குக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. தலைமையாசிரியை விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வாசிப்பீங்களாமே? பாட்டு கிளாஸை ஒரு மாசம் பார்த்துக்குங்க, அதுக்குள்ள ஆளைப் பிடிச்சிடறோம்" என்றார். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. தலைமையாசிரியைகள்தான் நான்கு பேர் மாறிவிட்டார்கள்.

இசை அறை இரண்டாவது மாடியில், வேதியியல் கூடத்துக்கு அடுத்து. மழை நாளில் ஜன்னலைச் சாத்தினால் அமில வாடை வரும். வெயில் நாளில் திறந்தால் மைதானத்திலிருந்து பந்து வரும். சுவரோரம் நிற்கும் பியானோவின் கடைசிக்கு முந்தைய கட்டை அழுத்தினால் எழாது, கெஞ்ச வேண்டும். அவ்வளவு உயரமான சுரம் தேவைப்படும் எதையும் டீச்சர் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதால் அது அப்படியே கிடந்தது.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. அச்சுப் புத்தகத்தை மாணவர் கையில் கொடுக்கமாட்டார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, பாவம், பார்த்ததும் பயந்துடுவாங்க" என்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஐந்து கோடு போட்டு, சுரங்களைப் பட்டாணி அளவில் தன் கையாலேயே எழுதித் தருவார். எழுத்து பெரிசு என்பதால் பக்கத்துக்கு நான்கு வரிதான் கொள்ளும். பாட்டு பாதி மூச்சில் இருக்கும்போதே பக்கம் முடிந்துவிடும். அங்கே மாணவர் கையை எடுக்கக்கூடாது. "கை கட்டையை விட்டுக் கிளம்பினா மனசும் கூடவே கிளம்பிடும்" என்பது டீச்சரின் சட்டம். அவரே எழுந்து, விரலை நாக்கில் தொட்டு, தாளைப் புரட்டி, அது திரும்பி வந்துவிடாமல் உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்திவிட்டு உட்காருவார். ஒரு மூச்சு விடும் நேரம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் புரட்டிய அளவுக்குப் பக்கங்களைப் போலீஸ் ஸ்டேஷன் எழுத்தர்கூடப் புரட்டியிருக்கமாட்டார்.

மாலை ஐந்திலிருந்து ஏழுவரை வீட்டில் வகுப்பு. அங்கே வருகிறவர்கள் பெரியவர்கள். ஒரு தையல்காரர், தபால் அலுவலகத்து அம்மாள் ஒருவர், வாரம் இரண்டு நாள் ஒரு பல் டாக்டர். கூடம் முழுக்கப் பியானோ நிற்பதால் அந்த இரண்டு மணி நேரமும் டீச்சரின் கணவருக்குச் சமையலறைதான் கதி. அவர் லிஃப்ட் மெக்கானிக். இசையில் அவருக்கிருந்த ஞானம், லிஃப்ட் கதவு திறக்கும்போது வரும் மணியோசையோடு முடிந்துபோகும். ஆனால் மனுஷர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சமையலறை முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவார், பேப்பர் படிப்பார், குழம்பு வைப்பார். "என் பெண்டாட்டி சம்பாதிக்கறா, நான் சமைக்கறேன். இதுல யாருக்கு என்ன கஷ்டம்?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பவர்களிடம் சொல்வார். அவர் சம்பளம் டீச்சரின் சம்பளத்தைவிட அதிகம் என்பது வேறு விஷயம்.

பல் டாக்டருக்கு நாற்பத்தேழு வயது. தோளில் ஒரு பேட்மிண்டன் மட்டையோடுதான் வகுப்புக்கு வருவார். எட்டு வருடத்துக்கு முன் ஆசைப்பட்டு ஒரு பியானோ வாங்கிப் போட்டிருக்கிறார். வாசித்தபாடில்லை. அவர் மனைவி ஒரு நாள், "இது எதுக்கு நிக்குது, சட்டை காயப்போடவா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி டாக்டரின் நெஞ்சில் தைத்துவிட்டது. வீட்டில் பேட்மிண்டன் என்று சொல்லிவிட்டு இங்கே வர ஆரம்பித்தார். மனைவியின் பிறந்தநாளன்று, நாற்பது விருந்தினர் முன்னால், நோட்டு இல்லாமல், ஒரே ஒரு பாட்டை முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காகப் பத்து மாதமாக ஒரே பாட்டு.

"பல்லைப் பிடுங்கறதே தேவலை, டீச்சர். அங்க மரத்துப்போக ஊசி போட்டுடலாம்" என்பார் நடுவில்.

"இங்க மரத்துப்போனா வாசிக்க முடியாது, டாக்டர். மறுபடி."

டீச்சருக்கு உயிர்த்தோழி என்று சொல்ல ஒருவர்தான். பதினாலு வருடத்துக்கு முன் பள்ளிக்கு வந்து சேர்ந்த வயலின் டீச்சர். இவர் குள்ளம், அவர் நெட்டை. இருவரும் சேர்ந்து தாழ்வாரத்தில் நடந்தால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். புதன்கிழமை நான்காவது பீரியட் இரண்டு பேருக்கும் ஓய்வு. முதல் வாரமே சிநேகிதி வயலினைத் தூக்கிக்கொண்டு இசை அறைக்கு வந்து, "சும்மாதானே இருக்க, வா வாசிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து புதன் தவறியதில்லை. டீச்சருக்குப் பிரசவ வலி எடுத்த புதன் ஒன்று இருந்திருந்தால் அதுவும் தவறியிருக்காது. நல்லவேளை, மகள் அதற்கு முன்பே பிறந்துவிட்டாள்.

பிறந்தநாளுக்குப் பதினேழு நாள் இருந்தபோது டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. டாக்டர் இதுவரை தன்னைத் தவிர யார் முன்னாலும் வாசித்ததில்லை. ஒரு ஆளாவது எதிரில் உட்கார்ந்து பழகட்டும். அந்தப் புதன்கிழமை உணவு இடைவேளையில் அவரைப் பள்ளிக்கு வரச்சொல்லி, சிநேகிதியைப் பெஞ்சில் உட்கார வைத்தார். டாக்டர் மட்டையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, நோட்டு இல்லாமல், வியர்த்துக்கொண்டே, முழுப் பாட்டையும் வாசித்து முடித்தார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சிநேகிதியும் கைதட்டினார். டாக்டர் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் சிநேகிதி சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அவரும் நிக்கிறாருடி."

"எங்க நிக்கிறாரு?"

"பாதியில. உன் பிள்ளைங்க எல்லாரும் நிக்கிற மாதிரியே. நீ பக்கம் திருப்பற இடத்துல."

டீச்சருக்குப் புரியவில்லை. சிநேகிதி பியானோவின் முன் குனிந்து, ஒற்றை விரலால் அந்த வரியை வாசித்துக் காட்டினார். சுரம் ஓடியது, ஓடியது, நின்றது. ஒரு மூச்சு. பிறகு எதுவும் நடக்காததுபோலத் தொடர்ந்தது. பேசிக்கொண்டே போகும் ஆள் வாக்கியத்தின் நடுவில் தும்மலுக்காக நிற்பதுபோல இருந்தது. அந்தப் பாட்டில் அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை. அடுத்த பக்கம் கண்ணுக்குத் தெரியாததால் மாணவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து விரல் அதையும் பாட்டென்று எடுத்துக்கொண்டது. நோட்டை எடுத்துவிட்டாலும் விரல் விடவில்லை.

டீச்சரின் முகம் மாறியது.

"உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"தெரியும்னா... வந்த வருஷத்துலேர்ந்து."

"பதினாலு வருஷமா?"

"முதல்ல அது உன் பாணின்னு நினைச்சேன். கேக்க நல்லாவும் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் நீ தாளைப் புரட்டறதைப் பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. அதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

"வாயால."

"கோவிச்சுக்காதடி."

"நாம வாசிக்கும்போது? நானும் நிக்கிறேனா?"

சிநேகிதி வயலின் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நிப்ப. நானும் உன்கூட நின்னுடுவேன். பழகிப்போச்சு. பியானோலதான் நிக்கற, பேச்சுல நிக்கவே மாட்டேங்கற, எங்க இருந்து நான் சொல்றது?"

நான்காவது பீரியட் மணி அடித்தது. அன்றைக்கு இருவரும் வாசிக்கவில்லை.

டீச்சர் வீடு போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டார். வருடத்துக்குப் பதினைந்து பேர் என்றால் முந்நூற்று முப்பது. அவர்களில் பாதிப் பேராவது எங்கெங்கோ வேலைக்குப் போய், எவர் வீட்டுக் கூடத்திலோ, எந்தக் கல்லூரி விழாவிலோ வாசித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரு மூச்சு நிற்பார்கள். யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள், அவர்களுக்கும் தெரியாது. அது ஒரு பக்கம் குத்தியது. ஆனால் அதைவிட ஆழமாகக் குத்தியது இன்னொன்று. தன் பக்கத்தில் பதினாலு வருடம் நின்ற ஒருத்தி, தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இத்தனை புதன்கிழமையும் என்ன?

வீட்டில் கணவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததைக் கொட்டினார்.

"ஓ, அந்த நிக்கறதா?" என்றார் கணவர். "அதைப் பார்த்துத்தானே நான் குக்கரைத் திறப்பேன். சத்தம் இல்லாத நேரத்துல திறந்தா உங்களுக்குத் தொந்தரவில்லாம முடிஞ்சிடும்."

"உங்களுக்கும் தெரியுமா? பாட்டே தெரியாதே உங்களுக்கு."

"பாட்டு தெரியாதும்மா. சத்தம் இல்லாதது தெரியும்ல."

மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே பேனாவால் மேசை விளிம்பில் அந்தப் பாட்டைத் தட்டினாள். சரியாக அந்த இடத்தில் பேனா காற்றில் நின்றது. பிறகு இறங்கியது.

"நீயுமா? ஏன்டி ஒருத்தர்கூட சொல்லல?"

"எல்லாரும் உனக்குத் தெரியும்னு நினைச்சிருப்பாங்கம்மா. நீதானே டீச்சர்."

அடுத்த ஒரு வாரம் டீச்சர் சிநேகிதியோடு பேசவில்லை. ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தாலும், "அந்த சிவப்பு மையைக் கொஞ்சம் தள்ளுங்க" என்று மரியாதையாகப் பேசினார். பதினாலு வருடம் 'வாடி போடி' சொன்ன வாயிலிருந்து 'ங்க' வந்தால் அதைவிடப் பெரிய திட்டு வேறில்லை. சிநேகிதியும் மையைத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

ஆத்திரத்தையெல்லாம் டாக்டரின் பாட்டைத் திருத்துவதில் காட்டினார் டீச்சர். பழைய நோட்டைக் கிழித்து, பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சோபா நீளத்துக்கு ஒரே தாளாக்கினார். அது பியானோவின் இரண்டு பக்கமும் சரிந்து தொங்கியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "தேர்தல் பேனர் மாதிரி இருக்கு, டீச்சர்" என்றார். வாசித்தார். அந்த இடம் வந்ததும் நின்றார். மறுபடி. நின்றார். நிற்கக்கூடாது என்ற பயத்தில் அடுத்த முறை நாலு சுரத்தை முழுங்கிவிட்டு ஓடினார்.

"இப்ப நின்னேனா, டீச்சர்?"

டீச்சருக்குத் தெரியவில்லை. கேட்கும்போதே மடியில் இருந்த அவர் கை தானாக ஒரு தாளைப் புரட்டிவிட்டது. கை வேலை செய்யும்வரை காது காத்திருந்தது. அந்த மூச்சு அவருக்கு மௌனமாகவே கேட்கவில்லை. ஆரம்பத்தில் கணவர் சமையலறையிலிருந்து "நின்னாச்சு" என்று குரல் கொடுத்து உதவினார். ஆனால் நிற்பது அரை மூச்சாகக் குறைந்ததும் அவர் காதுக்கும் எட்டவில்லை.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் பதினோரு நாள்தான். விட்டுடலாமா? பரிசாப் புடவை ஏதாவது வாங்கிக் கொடுத்துடறேன்" என்றார். பத்து மாதம் மட்டையைச் சுமந்த மனுஷர். டீச்சரால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

மறுநாள் புதன்கிழமை. நான்காவது பீரியடில் டீச்சர் மாடிக்குப் போகவில்லை. கீழே ஆசிரியர் அறையில் இரண்டு கை நிறைய விடைத்தாள்களை அள்ளிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து வயலின் கேட்டது. சிநேகிதி தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து வாசிக்கும் பாட்டு. ஓடியது, ஓடியது, ஓரிடத்தில் நின்றது. ஒரு மூச்சு. பிறகு தொடர்ந்தது.

டீச்சர் விடைத்தாள்களோடு அப்படியே நின்றார். கையில் சுமை இருந்ததால் புரட்ட வழியில்லை. முதல்முறையாக அந்த மௌனம் காதில் விழுந்தது. பக்கத்தில் ஆளே இல்லாதபோதும் அவள் தனக்காக நிற்கிறாள்.

அடுத்த வரியில் வயலின் மேலே ஏறியது. ஏறி, உச்சியில், ஒரு மயிரிழை இறங்கி நின்றது. எப்போதும்போல. டீச்சரின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பியானோ முன்னால் இருந்தால் அங்கே பெடலை அழுத்திச் சத்தத்தைப் பெருக்கி, அந்த மயிரிழையை மூடியிருப்பார். பதினாலு வருடமாக மூடிக்கொண்டுதான் இருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விடைத்தாள்களை மேசையில் போட்டுவிட்டு மாடியேறினார்.

"தனியா வாசிக்கும்போதும் நின்னியே" என்றார் வாசலில் நின்று.

"பழக்கதோஷம்." சிநேகிதி வில்லை இறக்கவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு. இன்னொண்ணும் கேட்டுச்சு. சொன்னா கோவிச்சுப்ப."

"சொல்லு."

"மேல போறப்போ உன் சுண்டுவிரல் எட்டமாட்டேங்குது. சுரம் இறங்கிடுது."

"எப்பலேர்ந்து?"

"நீ வந்த வருஷத்துலேர்ந்து."

சிநேகிதி வயலினைப் பெட்டிக்குள் வைத்தார். இரண்டு கொக்கியையும் நிதானமாக மாட்டினார். "அந்த இடத்துல நீ பெடலை ஓங்கி மிதிப்பியே, நான் அதை உன் ரசனைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு டீச்சரைத் தாண்டிப் போய்விட்டார். நெட்டைக் கால்கள் படிகளில் இறங்கும் சத்தம் கீழ்வரை கேட்டது.

கணக்குச் சரியாகிவிட்டது என்று டீச்சருக்குத் தோன்றவில்லை. தன் வாயால் தன் வீட்டையே கொளுத்திக்கொண்டதுபோல இருந்தது. ராத்திரி அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கணவர் அப்பளத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு டாக்டர் வந்து உட்கார்ந்தார். முதல் வரியை வாசிக்கும்போதே வாசல் கதவு திறந்தது. சிநேகிதி உள்ளே வந்தார். டீச்சரைப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குள் போனார்.

"அண்ணா, ஒரு முக்காலி இருக்குமா?"

"என்னோடதை எடுத்துக்க. நான் நின்னுக்கறேன்" என்றது கணவரின் குரல்.

டாக்டர் வாசித்துக்கொண்டே போனார். அந்த இடம் வந்தது. சமையலறையில் ஒரு பாத்திர மூடியில் கரண்டி 'டங்' என்று விழுந்தது.

டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரு, டீச்சர்?"

"என் காது" என்றார் டீச்சர். "மறுபடி."

அன்றைக்கு 'டங்' இருபத்தாறு முறை கேட்டது. கூடுதலாக வைத்த சனிக்கிழமை வகுப்பில் பதினொன்று. அடுத்த செவ்வாயன்று நான்கு. அதில் ஒன்று கணவர் தாளிக்கும்போது தவறி விழுந்ததாம், கணக்கில் சேராது என்று அவரே வந்து சாட்சி சொன்னார். இத்தனைக்கும் சிநேகிதிகள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை வந்தது. நான்காவது பீரியட். சிநேகிதி இசை அறைக்குள் வந்து, பெட்டியைத் திறந்து, வயலினைத் தோளில் வைத்தார். சுண்டுவிரலை மேலே நீட்டினார்.

"எங்கேன்னு சொல்லு" என்றார்.

டீச்சர் பியானோவில் அந்த ஒரு சுரத்தை அழுத்தினார். வயலின் அதற்குக் கீழே ஒலித்தது.

"மேல."

"இங்கயா?"

"இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்டி, தாண்டிட்ட. கீழ. அங்கதான்."

"இவ்வளவு தூரமா? பதினாலு வருஷமா நான் வாசல்லயே நின்னுட்டு வந்திருக்கேன்."

"உள்ள வா இப்ப."

பீரியட் முடியும்வரை பாட்டென்று எதுவும் வாசிக்கவில்லை. ஒரே சுரம்தான். வேதியியல் டீச்சர் கதவைத் தட்டி, யாருக்காவது ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மாலை டாக்டர் வீட்டில் நாற்பதுக்குப் பதில் ஐம்பது பேர் இருந்தார்கள். டீச்சரும் சிநேகிதியும் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். டாக்டர் எழுந்து போய்ப் பியானோவின் மூடியைத் திறந்தபோது அவர் மனைவி, "என்னங்க, அதுல தூசியா இருக்கும்" என்றார். டாக்டர் உட்கார்ந்தார். வாசிக்க ஆரம்பித்தார். கூடத்தில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. அந்த இடம் நெருங்க நெருங்க டீச்சரின் கை தானாக எழுந்தது. சிநேகிதி அதை எட்டிப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டார். பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. அப்படி ஓரிடம் இருந்ததே யாருக்கும் தெரியாது.

கடைசிக்குச் சற்று முன்னால் டாக்டருக்கு ஒரு வரி மறந்துபோனது. சொந்தமாக ஏதோ இரண்டு வரி போட்டு ஒப்பேற்றி முடித்துவிட்டார். கைதட்டலில் எவருக்கும் அது தெரியவில்லை. அவர் மனைவி கிட்டே வந்து, "அப்ப அந்த பேட்மிண்டன்?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் முந்தானையால் பியானோவின் மேல்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில சொந்தமா அடிச்சு விட்டாரே, அதைச் சொல்லணுமா?" என்று சிநேகிதி காதருகே கேட்டார்.

"இன்னிக்கு வேணாம்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. முதல் வேலையா."

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். பெஞ்சில் வேறு யாருமில்லை. சிநேகிதி செருப்பிலிருந்து காலை எடுத்து ஆட்டிக்கொண்டார்.

"இனிமே இப்படி வச்சுக்கலாமா?" என்றார் டீச்சர். "எதுவா இருந்தாலும் அன்னிக்கே சொல்லிடறது. நல்லதோ கெட்டதோ. வருஷக்கணக்கா சேர்த்து வைக்கக்கூடாது."

"சரி. அப்ப இதுவரைக்கும் சேர்த்து வச்சதை என்ன பண்றது?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "இன்னும் இருக்கா?"

"உனக்கு இல்லையா?"

டீச்சர் யோசித்தார். அவருக்கும் இருந்தது. கொஞ்சமல்ல.

"முதல்ல நீ" என்றார்.

"ஆறாம் வகுப்புக்கு நீ சொல்லித் தர்ற அந்தக் காலைப் பாட்டு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒவ்வொரு வருஷமும் பல்லைக் கடிச்சிக்கிட்டு வயலின் வாசிக்கறேன்."

"அது நானே போட்ட மெட்டுடி."

"தெரியும். அதான் சொல்லல."

டீச்சர் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். பஸ் வந்து அவர்கள் முன்னால் நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் ஏறச்சொல்லித் தலையாட்டினார்.

"நீங்க போங்க" என்றார் சிநேகிதி, கையை வீசி. "எங்களுக்கு இன்னும் நேரமாகும்."